இயாஸ்: வெட்டிவிட்ட பாதி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அக்காவை ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் வெந்நீர் ஃப்ளாஸ்க்கோடு, வாயடைத்துப்போன நிலையில் விட்டுவிட்டு வந்தோம். நமக்கு ஒரு வாரம்தான்; அவர்களுக்கு அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், குழந்தைக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு குல்லாகூட வாங்கிக் கொடுத்தாள். வாய் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்கள் திருதிருவென்று விழிக்க வேண்டாம். விஷயம் இவ்வளவுதான். தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தம்பி மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, இவன் பெயர் இயாஸ் என்று அறிவித்தாள். அக்கா வேலை பார்க்கும் இடத்தில்தான் அந்தப் பெயரைக் கண்டெடுத்ததாகவும் பெருமையாகச் சொன்னாள். "ரொம்ப நல்ல பேர்" என்று சொல்லிவிட்டு, அக்கா வராந்தாவுக்கு ஓடி வந்துவிட்டாள்.

அக்காவின் பிழைப்பு பெயர்கள். குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கு ஓர் இணையதளம், அதில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் பொருள், வரலாறு, எத்தனை பேர் தேடி வைக்கிறார்கள் என்கிற செல்வாக்கு என்று மூன்று பகுதி. அரபுப் பெயர்கள் முழுவதும் அக்காவின் பொறுப்பு. கல்லூரியில் அரபு படித்ததற்கு இப்படியாவது ஒரு பலன் கிடைத்ததே என்று அவளுடைய அம்மா சமயம் கிடைக்கும்போதெல்லாம் குத்திக்காட்டுவாள்.

அந்த அலுவலகத்தை நடத்துகிறவருக்கு உள்ளே வைத்திருக்கும் பெயர் 'பளபளா'. எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. பெயர் தேடி வருகிறவர்கள் சந்தோஷமாக வருகிறார்கள், அவர்களை அழவைத்து அனுப்பக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒரு பெயருக்கு அகராதியில் இரண்டு பொருள் இருந்து, அதில் ஒன்று கசந்தால், கசந்ததை எடுத்துவிட வேண்டும். இதற்கு அங்கே 'நகம் வெட்டுவது' என்று சொல்வார்கள். அக்கா எத்தனையோ பெயர்களுக்கு நகம் வெட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் மனசு உறுத்தியதே இல்லை. யாரோ பெற்ற பிள்ளை, யாரோ வைக்கப்போகும் பெயர், நமக்கென்ன.

இயாஸுக்கும் வெட்டினாள். பக்கத்தில் இப்படி இருக்கிறது: பொருள், கொடை, பரிசு. வரலாறு, மிகப் பழைய அரபுப் பெயர். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்தில் இந்தப் பெயரோடு வாழ்ந்த ஒரு நீதிபதி கூர்மையான புத்திக்குப் பேர்போனவர். செல்வாக்கு, அரிது, பலரும் இதை இலியாஸ் என்று நினைத்துக்கொள்வார்கள், இரண்டும் வேறு வேறு பெயர்.

வெட்டிப் போட்ட பாதி எது என்றால், இழந்த ஒன்றுக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது என்பது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரியான பெயர்.

இப்போது தம்பி வீட்டுக் கதையைச் சொன்னால் அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கே புரிந்துவிடும். அவர்களுக்கு இது முதல் குழந்தை இல்லை. மூத்தவன் ஒருவன் இருந்தான். வீட்டில் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். தூக்கினால் அப்படி இருப்பான். முதல் பிறந்தநாள் வருவதற்குள் ஒரு காய்ச்சலில் போய்விட்டான்.

இரண்டாவது முறை தம்பி மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று, அவளுடைய மாமியார், அதாவது அக்காவின் அம்மா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், போனவனே திரும்பி வருகிறான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பஞ்சு எங்கயும் போயிட்டு வேற ஆளா வரல அத்தை. இவன் யாருக்கும் பதிலா வரல. அந்தப் பேச்சு இந்த வீட்டுல இன்னொரு தடவ வேணாம்."

அதற்குப் பிறகு பல வாரம் மாமியாரோடு பேசவே இல்லை. சாதாரணமாக வாயில் சர்க்கரை போட்டதுபோல் பேசுகிறவள். பேக்கரியில் கேக் மீது பெயர் எழுதுவது அவள் தொழில், தம்பி அவளைக் கூப்பிடுவதும் சர்க்கரை என்றுதான். அப்படிப்பட்டவள் அன்று பேசிய பேச்சை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. அக்கா அப்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம். இன்று மாலை உறவுக்காரர்களைக் கூப்பிட்டுப் பெயரை முறையாகச் சொல்லப்போகிறார்கள். காலையில் அக்கா அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததுமே சர்க்கரை போன் செய்தாள். சாயங்காலம் எல்லோரும் வந்த பிறகு அக்காதான் எழுந்து நின்று பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். பொருள், வரலாறு, எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வரை எல்லாம். இல்லையென்றால் வருகிறவர்கள் ஆளாளுக்கு இலியாஸ், இலியாஸ் என்று கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. டாக்டர் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சொல்லியிருந்த மாதங்களில், தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்த பிறகுதான் தூக்கமே வந்தது என்றும் சொன்னாள்.

"நீங்க எழுதுனதுன்னு தெரியும்கா. அதனாலதான் தைரியமா எடுத்தேன்."

அக்கா என்னவோ 'உம்' கொட்டினாள். போனை வைப்பதற்குள் பளபளா சிரித்த முகத்தோடு வந்து நின்றார். இயாஸ் பக்கத்தைக் கொஞ்ச காலமாக அடிக்கடி யாரோ திறக்கிறார்களாம், செல்வாக்குப் பகுதியில் அம்புக்குறி தானாகவே மேலே திரும்பியிருக்கிறதாம், முகப்பில் போட்டுவிடலாமா என்று கேட்டார். ஊரே அந்தப் பெயரைத் தேடுகிறது என்று அவருக்கு நினைப்பு. படுக்கையில் கிடந்த ஒருத்தி திரும்பத் திரும்பத் திறந்ததுதான் அந்த அம்புக்குறி என்று அக்காவுக்குத் தெரியும். முகப்பில் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனதும் பக்கத்தைத் திறந்து, வெட்டிய வரியைத் திரும்பத் தட்டச்சு செய்தாள். அழித்தாள். மறுபடியும் செய்தாள். இன்று மத்தியானம் சர்க்கரை சும்மா இருக்கும்போது ஆசையாகத் திறந்து பார்த்து, அங்கே இந்த வரியில் முட்டிக்கொண்டால்? நேரில் சொல்லாமல் அப்படித் தெரியவிடுவதைவிடக் கோழைத்தனம் வேறு எதுவும் இல்லை என்று அக்காவுக்கே பட்டது; வரியை அழித்துவிட்டாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்க்கக் கிளம்பினாள். முதலில் அவனிடம் சொல்லிவிட்டால், அவன் பக்குவமாக மனைவியிடம் சொல்லிக்கொள்வான் என்பது அவள் போட்ட கணக்கு. நேராகச் சொல்ல பயம், அவ்வளவுதான். நாம் ஏன் பூசி மெழுக வேண்டும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அன்று ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலை. 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகைக்குப் பின்னால் மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் தம்பி நின்றுகொண்டிருந்தான்; அவன் தலை அக்காவின் முழங்காலுக்கு நேராக இருந்தது. இரும்புக் கயிறுகளுக்கு நடுவில் நின்றபடி அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். சின்னது இன்று விடிகாலையில் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக முதல் செய்தியைச் சொன்னான். அது வாயுத்தொல்லையாக இருக்கும் என்று வழக்கமாகச் சொல்கிறவள், இன்று தரையில் குந்திக்கொண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தப் பேருக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

தம்பி கையில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தான். துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தான்.

"ஈடு. அதானே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவன் லிஃப்ட் பார்க்கிற இன்னொரு கட்டடத்தில், அரபு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். எப்போது லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் உள்ளே இருந்தபடியே தம்பியைத்தான் போனில் கூப்பிடுவார். சர்க்கரை இந்தப் பெயரைச் சொன்ன மறுநாளே தம்பி அவரிடம் கேட்டிருக்கிறான். அவர் இரண்டு பொருளையும் சொல்லிவிட்டார். குழந்தை பிறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தான் என்று அக்கா கேட்டாள். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தாள், மெதுவாகத்தான் வந்தது.

"பஞ்சு போனதுலேருந்து தினமும் தொழுதுட்டு நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எடுத்ததுக்கு ஈடா ஒண்ணு குடுன்னு. அவ அப்படிக் கேக்கல. நான் கேட்டேன். இவன் வந்துட்டான்." தம்பி இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இவன் வந்ததுக்கப்புறம் நான் நல்லா தூங்கறேன்கா. சாப்பிடறேன். ஒரு நாள் முழுக்க பஞ்சு ஞாபகமே வரல. எனக்கே அசிங்கமா இருக்கு."

துணியைப் பையில் செருகிக்கொண்டு அவனே தொடர்ந்தான்.

"மத்த பேரையெல்லாம் பாரு. வெளிச்சம், வெற்றி, சிங்கம். எதுலயாவது பஞ்சு இருக்கானா? ஈடுன்னு சொன்னாத்தானே முன்னாடி ஒருத்தன் இருந்தான்னு அர்த்தம். இவனைக் கூப்பிடறப்பல்லாம் அவனையும் கூப்பிட்ட மாதிரி எனக்கு."

பிறகு கெஞ்ச ஆரம்பித்தான். தான் இந்தப் பெயரை யார் மீதும் திணிக்கவில்லை, சர்க்கரையாகவே ஆசைப்பட்டு எடுத்தது, அவளுக்குப் பரிசு, தனக்கு ஈடு, இரண்டு பேருக்கும் பொருந்துகிறது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். அக்கா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

இறக்கி வைக்கலாம் என்று வந்த பாரம் இப்போது இரண்டாகிவிட்டது. அக்கா படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். வந்த பஸ்களையெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தாள். தம்பி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சர்க்கரை அன்று தட்டை வைத்துவிட்டுச் சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் தான் ஒரு வரியை வெட்டிப் போட்டுவிட்டு, எழுதிய அன்றே நான்கு மணிக்கு டீ குடிக்கும்போது அதை மறந்தும் போயிருந்தோம் என்பதுதான் அவளைத் தின்றது.

மாலையில் அவள் தம்பி வீட்டுக்குப் போனபோது சமையலறை மேடையில் கேக் தயாராக இருந்தது. சர்க்கரை அதைச் சுழலும் தட்டில் வைத்து, க்ரீம் கோனைக் கையில் பிடித்து, கடைசி எழுத்தின் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தாள். இளநீல எழுத்தில் இயாஸ். தம்பி வந்துவிட்டான், பின்னறையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். விருந்தாளிகள் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

சின்னப் பெயர் என்பதால் இடம் தாராளமாக இருக்கிறது என்று சர்க்கரை சிரித்தாள். நீளப் பெயர்க்காரர்கள் வந்தால் கடைசி இரண்டு எழுத்தைக் கேக்கின் பக்கவாட்டில்தான் எழுத வேண்டியிருக்கும் என்று கடைக் கதை ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"நான் ஏன்கா இதை எடுத்தேன்னு உங்ககிட்ட சொல்லவே இல்லல்ல? மூத்தவனுக்கு வெச்சது எல்லா வீட்டுலயும் இருக்கற பேரு. கடையில வாரம் தவறாம யாராவது ஒருத்தர் அந்தப் பேருக்கு ஆர்டர் குடுத்துடறாங்க. முதல் பிறந்தநாள்னு சொல்லிக் குடுக்கறாங்க. நான்தான் எழுதணும்." அவள் கோனின் முனையைத் துடைத்தாள். "இந்தப் பேரு அரிதுன்னு நீங்க போட்டிருந்தீங்க. அதை மட்டும்தான் முதல்ல பாத்தேன். இதை நான் வேற யார் பிள்ளைக்கும் எழுத வேண்டி வராது."

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தம்பி கெஞ்சியது, வரப்போகும் விருந்தாளிகள், எல்லாம் மறந்துபோனது. தான் பாதிப் பொருளைத்தான் எழுதியதாகச் சொன்னாள். மீதிப் பாதியையும் சொன்னாள். குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

சர்க்கரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"எழுதறப்பவே."

"ஆஸ்பத்திரில நான் சொன்னப்போ?"

"தெரியும்."

"குல்லா வாங்கிட்டு வந்தப்போ?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது அவளுக்கு.

சர்க்கரை கோனைக் கீழே வைத்தாள். பின்னறையில் தம்பி குழந்தையிடம் ஏதோ அர்த்தமில்லாத பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இவருக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் அக்கா.

அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பொய்யைக் கழுவ வந்த இடத்தில், கழுவின கை காய்வதற்குள் இன்னொன்று. திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சர்க்கரையின் கண் நிறைந்துவிட்டது.

"அது போதும்கா. அவர் தெரிஞ்சே சும்மா இருந்திருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது. உங்க மேல கோவம்தான். ஆனா இப்ப அவர்கிட்ட எப்படிச் சொல்றது, பாவம். எவ்வளவு ஆசையா கூப்பிட்டுட்டு இருக்காரு."

அவள் தட்டையான கத்தியை வெந்நீரில் முக்கி எடுத்து, நீல எழுத்துகளை ஒவ்வொன்றாக வழித்தாள். பழகிய கை. கொஞ்ச நேரத்தில் அங்கே எழுத்து இருந்த தடமே இல்லை.

தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வெறுமையான கேக்கைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா குழாயை மூடுவதுபோல் திரும்பிக்கொண்டாள். குழாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

சர்க்கரை அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அவனுக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அக்கா ஒரு வரியை விட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, வேலை அப்படி. நம் இரண்டு பேருக்கும் தெரியாமல் நடந்துபோயிற்று. பிள்ளைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

தம்பி அழுதான். சத்தமில்லாமல், தோளில் இருந்த குழந்தை நனைகிற அளவுக்கு அழுதான். அதிர்ச்சியில் அழுகிறான் என்று நினைத்து சர்க்கரை அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அக்காவுக்கு அங்கே நிற்கக் கால் கூசியது.

"வேற பேர் பாக்கலாம். இன்னைக்கி வர்றவங்ககிட்ட இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்லிக்கலாம். என்ன?"

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். இப்போது தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அக்கா மனசுக்குள் அவனிடம் கெஞ்சினாள். அவனால் முடியவில்லை.

"வேணாம். இதே இருக்கட்டும்."

"அர்த்தம் இப்ப தெரிஞ்சதுக்கு அப்புறமுமா?"

அவன் குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

சர்க்கரை அவனையே பார்த்தாள். பிறகு, அவனிடம் எதுவும் கேட்காமல், மெதுவாகத் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கேட்க வேண்டியது அதற்கு மேல் எதுவும் இல்லை.

சர்க்கரை அவன் கையை விட்டுவிட்டு எழுந்தாள். அவன் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"வர்றவங்களுக்கு நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்கங்க. அக்காவும் தம்பியும் நல்லாத்தான் சொல்லுவீங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் காலிங் பெல் அடித்தது. மாமாவும் அவர் வீட்டு ஆட்களும் படியேறி வந்துவிட்ட சத்தம் கேட்டது. அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது. சர்க்கரை அவனைத் தட்டிக்கொடுத்து, ஓ ஓ என்று மட்டும் சொல்லிச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். எந்தப் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை.